இஷாவுக்குப் பிறகு பூசுவது

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி,
திங்கட்கிழமை, அஸருக்குப் பின்.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று துஆச் செய்து உங்கள் மனைவி சபூரா எழுதிக்கொள்வது. அடுத்த வரியாக நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. அதை எழுத மாட்டேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் அறையில் ஆறு பேர். நீங்கள் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், எத்தனை தரம் சொல்லியும் திருந்தவில்லை. வொய்ஸ் அனுப்பலாம் என்றால் மகள் நஸ்ஹா இங்கே கட்டிலில் முழித்துக்கொண்டு கிடக்கிறாள், ஒவ்வொரு சொல்லையும் கேட்பாள். பக்கத்து வீட்டு நிஸ்தார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கட்டாருக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்து விடுகிறேன். அறையில் வைத்துப் பிரிக்க வேண்டாம். பள்ளிவாசலுக்குப் போய் ஒரு ஓரத்தில் இருந்து வாசியுங்கள்.

மகளுக்கு டெங்கு என்று நான் சொன்னது பொய் மச்சான். அவளுடைய ரெண்டு கிட்னியும் பழுதாகிப் போயிருக்கிறது. இங்கே வந்து பதினேழு நாள். பழுதாக்கியது நான்தான். இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். கடைசி வரை வாசியுங்கள், பிறகு என்னை என்ன செய்தாலும் சரி.

வீட்டுக்குக் கல் வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் வீடியோவில் இருந்தீர்கள். நான் போனைத் தூக்கிப் பிடித்து உங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். நஸ்ஹாவுக்கு அப்போது பதினொரு வயது, வந்தவர்களுக்குச் சர்பத் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு திரிந்தாள். அப்போதுதான் உங்கள் கூடப்பிறந்த ராத்தா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், “புள்ள வாப்பாட நிறத்துல வந்திட்டாள், இவளுக்கு மேல்மாடியும் போட்டாத்தான் மாப்பிள்ள வருவான்” என்று. நீங்களும் சிரித்தீர்கள். பகிடிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறுகிற ஊர் நமது ஊர். பெண்ணுக்கு ஒரு குறை சொன்னார்கள் என்றால் அதை வீட்டில்தான் ஈடு கட்டச் சொல்வார்கள். அன்று உங்கள் முகத்தைப் போனில் பார்த்துக்கொண்டே நினைத்தேன், மேல்மாடி என்றால் இந்த மனிசன் இன்னும் ரெண்டு மூன்று வருஷம் அந்த வெயிலில் நிற்க வேண்டும் என்று. பெண்களைச் சோடிப்பது என் தொழில். ஊரில் உள்ள கல்யாணப் பெண்ணுக்கெல்லாம் நான் வெளிச்சம் கொடுக்கிறேன், என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேனா? பிள்ளை வெளுத்தால் மேல்மாடி தேவையில்லை. மேல்மாடி தேவையில்லை என்றால் நீங்கள் முந்தி வந்துவிடலாம். இதுதான் மச்சான் என் மூளை போட்ட திட்டம்.

நல்ல பழக்கமும் பழக்கினேன், அதையும் எழுத வேண்டும். முகத்தைத் துவாயால் தேய்க்காதே, ஒற்றி எடு என்று பழக்கினேன். அடுத்தவள் பூசிய லிப்ஸ்டிக்கைத் தொடாதே, கண்ணுக்கு இடுகிற சுருமாவை ஒருத்தருக்கும் இரவல் கொடாதே, பெருநாளைக்குப் போட்ட மேக்கப்போடு படுக்காதே, புதுச் சாமான் எது வந்தாலும் காதுக்குப் பின்னால் பூசி ஒரு நாள் பார் என்று பழக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் என் பிரஷ் எல்லாவற்றையும் அவள்தான் கழுவிக் கிடையாகக் காய வைப்பாள். ஒரு தரம் உங்கள் ராத்தா ஒரு பிரஷைக் கழுவிக் கோப்பைக்குள் நிறுத்தி வைத்தார். அதற்கு இவள் பெரிய மனுசி மாதிரி, “மாமி, நிமித்தி வெச்சா தண்ணி அடியில இறங்கி மயிரெல்லாம் கழண்டு போயிரும்” என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை! சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. அதுதான் அவளைக் கெடுத்தது.

அந்தக் கிறீமை நான் எங்கே வாங்கினேன் என்று கேட்பீர்கள். கடைகளுக்குச் சாமான் போடுகிற ஒருவன் கொண்டு வந்து தருவான், பேர் ஊர் ஒன்றும் ஒட்டாத டப்பா. அதோடு வேறு ரெண்டைக் கலந்து ஐஸ்கிறீம் பெட்டியில் அடைத்துப் பிரிட்ஜில் வைப்பேன். கல்யாணப் பெண்களுக்கு நாற்பது நாள் பூசக் கொடுப்பேன். எல்லாரிடமும் சொல்கிற பாடம்தான், ராவைக்கு இஷாத் தொழுத கையோடு பூசுங்கள், அதற்குப் பிறகு விடியச் சுபஹு வரைக்கும் வுழூ எடுத்து முகம் கழுவத் தேவையில்லை, முகத்தில் தண்ணீர் படாது என்று. அவர்களுக்கு நாற்பது நாள். என் மகளுக்கு ரெண்டரை வருஷம்.

ஒரு நாள் வந்து கேட்டாள், “உம்மா, இஷாவ முந்தித் தொழுதா கூட நேரம் முகத்துல கிடக்கும்தானே?” என்று. ஓம் என்றேன். அன்றிலிருந்து பாங்கு சொல்லி முடிவதற்குள் தொழுகைப் பாயில் நிற்பாள். என் மகள் இஷாவை ஒரு நாளும் பிந்த விட மாட்டாள் என்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். காய்ச்சல் என்றாலும் பூசுவதை விடக்கூடாது, ஒரு நாள் விட்டால் பத்து நாள் பின்னுக்குப் போய்விடும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

உங்களுக்கு அந்த நாட்களில் நான் போட்ட சண்டையும் ஞாபகம் இருக்கும். பிறந்ததிலிருந்து அவளைக் கறுப்பி, கறுப்பி என்றுதான் கூப்பிடுவீர்கள். நான்தான், இனி அந்தப் பேர் வாயில் வரக்கூடாது, வெளியில் கேட்டால் பிள்ளைக்கு அதுவே பேராகிப் போகும் என்று கத்தினேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள். மூன்று மாதத்தில் அவள் வெளுத்ததும் என்ட வெள்ளச்சி என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். அவளும் உங்கள் வீடியோக் கோல் வருகிற நேரம் பார்த்து லைட்டுக்குக் கீழே போய் நிற்பாள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு படம் அனுப்பினேனே, நீலச் சல்வாரோடு. மாஷா அல்லாஹ், கன்னமெல்லாம் வெச்சு நிலவு மாதிரி இருக்கிறாள் என்று எழுதினீர்கள். அதைத்தான் உங்கள் போனின் முகப்பில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அது கன்னம் இல்லை மச்சான், நீர். கிட்னி பழுதாகி உடம்பில் நீர் கோத்து, ரத்தம் வெளிறி அப்படித் தெரிந்திருக்கிறது. டொக்டர் அவளுடைய காலில் விரலை வைத்து அழுத்தினா, மாவில் அழுத்திய மாதிரிக் குழி நின்றது. பெருநாளுக்கு வந்தவர்கள் எல்லாம், “என்னகா சபூரா, மகளுக்கு என்ன குடுக்கிறா, எங்களுக்கும் செல்லன்கா” என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன், கண்ணேறு படாமல் இருக்க ஓதி ஊதினேன். செருப்பு வார் கடிக்கிறது என்று அழுதாள், ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன். சிறுநீர் சவுக்காரம் மாதிரி நுரைக்கிறது என்று சொன்னாள், தண்ணீரை ஒழுங்காக ஊற்றாததால்தான் என்று ஏசினேன். பிள்ளை எல்லாவற்றையும் வாயால் வந்து சொல்லியிருக்கிறாள் மச்சான். நான்தான் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் சுபஹுக்கு எழுப்பினால் கண் திறக்க முடியவில்லை, இமை ரெண்டும் அவ்வளவு வீக்கம். ஓட்டோ பிடித்து இங்கே கொண்டு வந்தேன். பார்த்த டொக்டர் சின்ன வயதுப் பெண் பிள்ளை. முதல் கேள்வியே அதுதான், “முகத்துக்கு என்ன கிறீம் பாவிக்கிறீங்க?” என்று கேட்டா.

பேபி கிறீம் மட்டும்தான் டொக்டர் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இந்தப் பதினேழு நாளும் என்னையே கேட்கிறேன். ஹஜ்ஜுக்குப் பிறகு கல்யாண சீசன். இந்தக் கதை வெளியில் போனால் ஒருத்தியும் என் வாசலுக்கு வர மாட்டாள் என்று பயம். இத்தனை பெண்களுக்குப் பூசியிருக்கிறேன், ஒருத்திக்கும் ஒன்றும் வரவில்லை, இதுவாக இருக்காது என்று மனமும் சாட்டுச் சொன்னது. நஸ்ஹா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாள் டொக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாகக் கேட்டிருக்கிறா. அவளும் அதையேதான் சொல்லியிருக்கிறாள், பேபி கிறீம் மட்டும்தான் டொக்டர் என்று, என்னுடைய சொல் மாறாமல். வாய் திறக்காமலே அதையும் நான் பழக்கிவிட்டேன்.

ஒன்பது நாள் மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிவதும் ஏறுவதுமாக இருந்தது. டொக்டருக்கும் பிடிபடவில்லை. ஒன்பதாம் நாள் இஷா நேரம் நான் சுடுதண்ணீர் எடுக்கப் போய்விட்டு வந்தேன். திரைச்சீலைக்கு உள்ளே ரோசாப்பூ வாசம். அந்த வாசம் எனக்கு நித்திரையிலும் தெரியும். சீலையை விலக்கினால் கட்டிலில் சாய்ந்து இருந்துகொண்டு பூசிக்கொண்டிருக்கிறாள். தலைவலித் தைல டப்பியில் அடைத்துக் கொண்டு வந்திருக்கிறாள், நேர்ஸ்மாரும் தைலம் என்று நினைத்திருக்கிறார்கள். மோதிர விரலால், கீழிருந்து மேலே, கண்ணுக்குக் கீழ்த் தோலை இழுக்காமல் பூசுகிறாள். நான் பழக்கிய மாதிரியே, ஒரு பிழை இல்லை. மற்றக் கையில் சேலைன்.

டப்பியைப் பறித்தேன். கத்தினேன் போல, பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பயந்துபோய்ச் சொன்னாள், “நீங்கதானே உம்மா டொக்டரிட்ட அதுல ஒண்டுமில்ல எண்டமாதிரிச் சென்னீங்க. வாப்பா வரக்குள்ள வெள்ளையா இரிக்கணும்தானே” என்று.

நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒன்பது நாளாவது அவளுடைய உடம்பில் நஞ்சு ஏறாமல் இருந்திருக்கும். டப்பியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கன்னத்தில் ஒரு அறை அறைந்திருந்தாலும் நல்லம். அவ ஏசவே இல்லை. டப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எவ்வளவு, இன்னும் யார் யார் பூசுகிறார்கள் என்று கேட்டு எழுதினா. அதில் பாதரசம் இருக்கும் என்று சொன்னா. காய்ச்சலுக்கு வைக்கிற கண்ணாடிக் குழாயில் ஓடுமே, அது. எழுதி முடித்துவிட்டு, “அந்த ஒன்பது நாள்…” என்று தொடங்கினா. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினா.

மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை

நேற்று ராத்தாவை நஸ்ஹாவோடு விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தேன். பிரிட்ஜில் இருந்த எல்லாப் பெட்டியையும் ஒரு சாக்கில் கட்டினேன். பஸ்ஸில் வரும்போது கல்லடிப் பாலத்தில் இறங்கி வாவிக்குள் எறிந்துவிட வேண்டும் என்று அப்படி ஒரு ஆவேசம் வந்தது. ஆனால் டொக்டர் முதலே சொல்லி அனுப்பியிருந்தா, தண்ணீரில் போட்டால் மீனுக்குள் போகும், மீனைத் தின்கிற பிள்ளைகளுக்குள் போகும், கொண்டு வந்து எங்களிடம் தாருங்கள் என்று. மடியில் வைத்துக்கொண்டே வந்து கொடுத்தேன்.

பூசிய பெண்களின் வீடுகளுக்கும் போனேன். இன்னும் முடியவில்லை. ஒரு வீட்டில் கேற்றைத் திறக்காமலே கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நாலு மாதத்துக்கு முந்தி நான் சோடித்த றிஸ்லா, “எனக்கு இப்ப ரெண்டு மாசம் சபூரா ராத்தா” என்று வயிற்றில் கையை வைத்தாள். நாளைக்கு ரத்தம் சோதிக்க அவளை இங்கே கூட்டி வருகிறேன். ராத்தாவின் மகள் ரிப்காவுக்கும் நான்தான் கொடுத்தேன். ராத்தாவிடம் சொன்னபோது ஏசுவார் என்று நின்றேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார், அந்த மேல்மாடிக் கதையை நான் ஏன் சொன்னேன் என்று அழுதார். அவர் மீது நீங்கள் கோபப்பட வேண்டாம். பகிடிக்குச் சொன்னவர் அவர். அதைப் பிடித்துக்கொண்டு பூசியது நான்.

பாதரசத்தை இழுக்கிற மருந்து கொடுக்கிறார்கள். இன்று சிறுநீர் இன்னும் குறைந்துவிட்டது. வருகிற கிழமை கொழும்புக்கு மாற்றி, மெசினில் ரத்தம் சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள். அடியோடு நிறுத்தினால் சில பேருக்குக் கிட்னி தானாகத் திரும்பி வருமாம். இவளுக்குத் திரும்புமா என்று கேட்டேன். பார்ப்போம் அம்மா என்கிறா. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான்.

கிறீமை விட்டதால் முகம் சிவந்து எரிகிறது, தோல் அவ்வளவுக்கு மெலிந்து போயிருக்கிறது. சில இடங்களில் பழைய நிறம் திட்டுத் திட்டாகத் திரும்புகிறது. அதனால்தான் உங்கள் வீடியோக் கோலை அவள் எடுப்பதில்லை. சிக்னல் இல்லை என்று நான் சொன்னதும் பொய்தான், இத்தனையோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கிடக்கிறாள். இஷா முடிந்ததும் பழக்கத்தில் என் பக்கம் முகத்தைத் திருப்பி, “இப்ப என்ன உம்மா பூசுற?” என்று கேட்கிறாள். ஒன்றும் பூசுவதில்லை மகள், கழுவி ஒற்றினால் போதும், பகலில் வெயில் படாமல் பார்த்தால் போதும், டொக்டர் சொன்னது அவ்வளவுதான் என்று சொல்கிறேன். பதினொரு வயதில் இதைச் சொல்லிக் கொடுத்து நான் நிறுத்தியிருக்கலாம்.

இன்று காலையில் ஒன்று கேட்டாள். அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. “வாப்பா ஏன் உம்மா என்னக் கறுப்பி எண்டு கூப்பிடுறத்த உட்டவரு? மாமி அண்டைக்குச் சென்னதுக்குப் பிறகு அவருக்கு வெக்கமா போயித்தா?” என்று கேட்டாள்.

ரெண்டரை வருஷம் மச்சான். ரெண்டரை வருஷமாக இந்தப் பிள்ளை அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கல் வைத்த அன்று நீங்கள் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேரைச் சொல்லவில்லை. வாப்பாவுக்கு என் நிறம் வெட்கம் என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்காகப் பூசுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அவள் உங்களுக்காகப் பூசியிருக்கிறாள். இல்லை மகள், வாப்பா ஆசையாய்க் கூப்பிட்ட பேர் அது, நான்தான் சண்டை பிடித்து நிறுத்தினேன் என்று உண்மையைச் சொன்னேன். அதற்கு அவள், “அப்ப நான் சும்மாவா உம்மா பூசினன்?” என்று கேட்டாள்.

இனி நான் கேட்பதைச் செய்யுங்கள் மச்சான்.

மேல்மாடிக்கு நிறுத்திய தூண்களை அப்படியே விடுங்கள். இனி அதற்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். வேறு யாராவது ஊருக்கு வந்தாலும் பெட்டி கட்டிக் கொடுத்து விடாதீர்கள். சோப்பு வேண்டாம், செண்ட் வேண்டாம், லோஷன் ஒன்றும் வேண்டாம். உங்கள் முதலாளியின் காலில் விழுந்தாவது லீவு எடுங்கள், தரவில்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள். எனக்காக வர வேண்டாம். என்னோடு பேச மனமில்லை என்றால் பேச வேண்டாம், நான் வாசலுக்கு வெளியே போய் நிற்கிறேன். அவளுடைய வலது கையில் ஊசி ஏற்றியிருக்கிறது, இடப்பக்கமாக வந்து இருங்கள். முக்காட்டை நீங்களாக விலக்காதீர்கள், அவளாக விலக்குவாள். விலக்கும்போது முகத்தைப் பார்த்து நிலவு, கிலவு என்று ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். கறுப்பி என்று கூப்பிடுங்கள். போனில் வேண்டாம். வந்து, பக்கத்தில் இருந்து, இந்த ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் கேட்கக் கூப்பிடுங்கள்.

அல்லாஹ் உங்களை அவளிடம் நேரத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

நஸ்ஹாவின் உம்மா,
சபூரா